வாசகன், வாசகர், கைஸ்

சென்னை ஓ.எம்.ஆர் அலுவலகங்களில் எந்த மீட்டிங்கும் 'கைஸ்' என்ற சொல்லில்தான் தொடங்குகிறது. "ஹாய் கைஸ்", "கைஸ், ஒரு நிமிஷம்", "ஓகே கைஸ், ஆரம்பிக்கலாமா". அறையில் இருக்கிற எட்டுப் பேரில் ஐந்து பேர் பெண்கள் என்றாலும் கைஸ்தான். பெண்கள் மட்டுமே இருக்கிற டீமிலும் அதே சொல்லைக் கேட்டிருக்கிறேன். கொஞ்ச வருடங்களாக, வெளிநாட்டுத் தலைமையிடங்களிலிருந்து வருகிற பயிற்சி வீடியோக்கள் இதைத் தவிர்க்கச் சொல்கின்றன. அது ஆண்களைக் குறிக்கிற சொல், எல்லாரையும் சேர்த்துக்கொள்ளாது, 'டீம்' என்றோ 'எவ்ரிஒன்' என்றோ 'ஃபோக்ஸ்' என்றோ சொல்லுங்கள் என்கிறார்கள். வீடியோவைப் பார்த்து முடித்து டீ குடிக்கப் போகும்போது யாராவது ஒருவர் சொல்வார்: "நல்லவேளை, தமிழ்ல இந்தப் பஞ்சாயத்தே இல்ல."

இருக்கிறது என்பது என் கட்சி. ஆங்கிலத்தில் இருக்கிற இடத்தில் இல்லை, வேறு இடத்தில் இருக்கிறது. நம் இலக்கிய விமர்சனத்துக்குள்ளும் இருக்கிறது.

முதலில் ஆங்கிலத்தின் கதையைச் சீக்கிரம் முடித்துவிடலாம். 1605இல் பிரிட்டன் நாடாளுமன்றத்தை வெடிமருந்து வைத்துத் தகர்க்க முயன்று பிடிபட்டவர் கை ஃபாக்ஸ். வருடாவருடம் நவம்பர் 5 அன்று அவருடைய கொடும்பாவியைக் கொளுத்தினார்கள். அந்தப் பொம்மைக்கு 'கை' என்று பெயர் வந்தது. பிறகு அது கந்தலும் கோலமுமாகத் திரிகிற ஆளைக் குறித்தது, அமெரிக்காவில் வெறும் 'ஆள்' என்றானது, இருபதாம் நூற்றாண்டில் பன்மையில் பெண்களையும் இழுத்துக்கொண்டது. ஆலன் மெட்காஃப் 2019இல் இந்த ஒரு சொல்லுக்காகவே ஒரு புத்தகம் எழுதினார். இது இவ்வளவு தூரம் ஓடியதற்குக் காரணம் ஆங்கிலத்தில் விழுந்த ஓர் ஓட்டை. 'தௌ' என்ற ஒருமை வழக்கொழிந்த பிறகு ஒருவருக்கும் பலருக்கும் 'யூ' ஒன்றுதான் மிஞ்சியது. பலரைக் கூப்பிட ஏதாவது ஒன்று வேண்டியிருந்தது. அமெரிக்கத் தெற்கில் 'யால்' என்றார்கள், மற்ற இடங்களில் 'யூ கைஸ்'. 'லேடீஸ் அண்ட் ஜென்டில்மென்' என்ற சம்பிரதாய விளிக்கும் ஆட்டம் கண்டுவிட்டது. 2017இல் லண்டன் சுரங்க ரயில் அறிவிப்புகளில் அதை எடுத்துவிட்டு 'எவ்ரிஒன்' போட்டார்கள்.

நமக்கு அந்த ஓட்டை இல்லை. நீ இருக்கிறது, நீங்கள் இருக்கிறது. உயர்திணையில் ஆண்பால், பெண்பால், பலர்பால் என்று மூன்று. மூன்றாவதற்குள் ஆண் பெண் பிரிவினை கிடையாது. நேருக்கு நேர் பேசும்போது ஒருமையில்கூடக் கிடையாது. இந்தியில் எதிரில் நிற்பவர் ஆணா பெண்ணா என்று வினைச்சொல்லிலேயே காட்டியாக வேண்டும். தமிழில் 'வர்றியா' என்றால் யாரும் வரலாம்.

இதற்குப் பழைய உதாரணமாக எனக்குப் பிடித்தது புறநானூற்றின் 152ஆம் பாட்டு. கொல்லிமலைத் தலைவன் வல்வில் ஓரியைப் பற்றி வன்பரணர் பாடியது. ஓரி என்றால் எல்லாருக்கும் நினைவு வருவது அந்த ஒரே அம்பு: யானையில் தொடங்கி, புலி, மான், பன்றி எல்லாவற்றையும் துளைத்துக்கொண்டு போய்ப் புற்றில் இருந்த உடும்பில் தைத்து நின்ற அம்பு. எனக்கு அதைவிடச் சுவாரசியம் அடுத்து நடப்பது. காட்டு வழியில் போகிற பாணர் கூட்டம் அந்த வேட்டுவனைப் பார்க்கிறது. யாரென்று தெரியாது. மார்பில் ஆரம் தொங்குகிறது, கறி விற்றுப் பிழைக்கிற ஆளாகத் தெரியவில்லை. ஓரிதானா, வேறு யாராவதா? சரி, பாடிப் பார்த்துவிடலாம் என்று கவிஞர் தன் குழுவைத் தயார்ப்படுத்துகிறார். முழவைச் சரிசெய்யச் சொல்கிறார், யாழில் பண் கூட்டச் சொல்கிறார். கட்டளைகள் 'மின்' விகுதியில் வரிசையாக வருகின்றன. பன்மை ஏவல். அந்த வினைகளை எவ்வளவு உலுக்கினாலும் எதிரில் நிற்பவர்கள் ஆண்களா பெண்களா என்ற தகவல் உதிராது.

ஆனால் கட்டளைகளுக்கு முன்னால் ஒரே ஒரு விளி இருக்கிறது. விறலி. ஆடவும் பாடவும் தெரிந்த பெண். ஒரு பெண்ணைக் கூப்பிட்டுத் தொடங்குகிற பேச்சு, அடுத்த மூச்சில் 'நீர்' என்று மொத்தக் குழுவுக்கும் விரிந்துவிடுகிறது. ஆண்பால் பெயரைச் சொல்லிவிட்டு 'பெண்களும் இதில் அடக்கம்' என்று கீழே சின்ன எழுத்தில் போடுவதுதான் உலக வழக்கம். இங்கே பெண்பால் பெயர் முன்னால் நிற்கிறது, மற்றவர்கள் அதன் பின்னால் வருகிறார்கள். வன்பரணர் இதை யோசித்துச் செய்தார் என்று நான் சொல்ல மாட்டேன். குழுவில் பாட்டு எடுக்கப் போகிறவர் விறலியைக் கூப்பிடுவது இயல்பு, கூப்பிட்டார். யோசிக்காமல் வந்ததுதான் இதன் அழகு.

அதே பாட்டில் இன்னொன்று. அந்த வேட்டுவன் சாதாரண ஆளில்லை என்று சந்தேகம் வந்த பிறகும் கவிஞர் 'இவன்' என்றே சொல்கிறார். சங்கப் பாடல்களில் வேந்தர்களையே 'நீ' என்பார்கள். அதில் இழிவு இல்லை. ஒருவரைப் பன்மையில் சொல்கிற பழக்கத்தைத் தொல்காப்பியம் 'உயர்சொல்' என்று அடையாளம் காட்டி, அது மக்கள் வழக்கில் இருக்கிறது, ஆனால் இலக்கண முறை ஆகாது என்று ஒதுக்குகிறது. இன்று காலையில் பால் வாங்கும்போது "பாக்கெட் குடுங்க" என்று நாம் தொடங்குவதே அந்த முறைகேட்டில்தான்.

முறைகேடு ஜெயித்துவிட்டது. பலரைக் குறித்த 'ர்', ஒருவருக்கான மரியாதை ஆனது. அதனால் ஒரு வினோதம் நிகழ்ந்தது. அவன், அவள் இரண்டும் 'அவர்' என்று உயரும்போது பால் காணாமல் போகிறது. மாணவன், மாணவி இருவரும் மாணவர். தமிழில் ஒருவர் ஆணா பெண்ணா என்று சொல்லாமல் விட வேண்டுமானால் அவரை ஒரு படி மேலே ஏற்ற வேண்டும். நம்முடைய பால்பொதுமை மரியாதையோடு சேர்ந்து வருகிற இலவச இணைப்பு. மரியாதை யாருக்குக் கிடைக்கிறதோ அவருக்குத்தான் அதுவும் கிடைக்கும்.

யாருக்குக் கிடைக்கிறது என்று பார்க்க, ஓரியின் மலையிலேயே நல்ல இடம் இருக்கிறது. அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி மேலே போனால் சோளக்காடு. அங்கே கூடுகிற சந்தைக்கு மலையாளிப் பழங்குடியினர் பலா, வாழைத்தார், அன்னாசி, மிளகு எல்லாம் கொண்டுவருகிறார்கள். (மலையாளி என்பது இங்கே மலையில் வாழ்பவர், தாய்மொழி தமிழ், கேரளத்தோடு சம்பந்தமில்லை. ஒவ்வொரு முறையும் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.) கீழே இருந்து வருகிற வியாபாரிகள் அவற்றை வாங்கிக்கொண்டு போகிறார்கள். பாத்திரமும் செருப்பும் துணியும் கீழிருந்து மேலே வருகின்றன.

நான் போன அன்று முதலில் காதில் விழுந்தது "வாங்க வாங்க வாங்க". பாத்திரக் கடைக்காரர். அண்ணா, அக்கா, அம்மா என்று எந்தப் பெயரும் இல்லை, வெறும் வினைச்சொல். கடை முன்னால் போகிற அத்தனை பேருக்கும் அது பொருந்துகிறது. பயிற்சி வீடியோ தயாரிக்கிறவர்கள் இதைக் கேட்டால் மெச்சுவார்கள். ஆனால் கூட்டம் கலைந்து ஒவ்வொருவராகக் கடைமுன் வந்ததும் அந்த 'ங்க' பாதிப் பேருக்குக் கழன்றுவிட்டது. நாலு கடை தள்ளி, முப்பது வயதுகூட நிரம்பாத ஒரு பலாப்பழ வியாபாரி, ஐம்பதைத் தாண்டிய ஓர் அம்மாவிடம், "ஏய், என்ன வெல சொல்ற? இங்க கொண்டா" என்றார். உடனே என் பக்கம் திரும்பி, "வாங்க சார், பழம் பாக்கறீங்களா?" என் சட்டையையும் ஷூவையும் தவிர அவருக்கு என்னைப் பற்றி எதுவும் தெரியாது.

அந்த அம்மா, "கட்டாது சாமி" என்றார். கொங்குப் பக்கத்தில் சின்னப் பிள்ளையைக் கொஞ்சுவதும் 'சாமி'தான், பண்ணையக்காரருக்கு முன்னால் பணிந்து நிற்பதும் 'சாமி'தான். குரலில் இரண்டும் கலந்திருந்தது. பழத்தை அவர் கடைசிவரை கொடுக்கவில்லை.

பக்கத்தில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியவர் என்னைப் பார்த்து, "நீ எந்த ஊரு? எப்ப வந்த?" என்றார். வியாபாரியையும் நீ என்றார். டீக்கடைக்காரரையும் நீ என்றார். எல்லாருக்கும் ஒரே நீ, வன்பரணர் காலத்து நீ. வியாபாரியின் நீ மேலிருந்து விழுந்தது, பெரியவரின் நீ எதிரில் உட்கார்ந்து பேசியது. எழுத்தில் எழுதினால் இரண்டும் ஒன்றுதான். என்னைப் போன்ற மென்பொருள்காரர்கள் உருவாக்குகிற எந்த மொழிபெயர்ப்பு நிரலும் இரண்டையும் 'யூ' என்று தட்டிவிட்டுப் போய்விடும்.

இனி மற்றொரு பாதை. மேலே ஏற்றாமலும் பாலை மறைக்கலாம்: கீழே இறக்கினால் போதும். "குழந்தை அழுவுது", "புள்ள படிக்குது", "பாப்பா தூங்குது". அஃறிணை. கண்ணு, சாமி, தங்கம் போன்ற கொஞ்சல்களும் பால் பார்ப்பதில்லை. கேட்க எவ்வளவு இனிமையோ அவ்வளவு நிபந்தனையும் உண்டு: எதிரில் இருப்பவர் சின்னவராக இருக்க வேண்டும். வளர்ந்த மனிதரை 'அது' என்றால் என்ன ஆகும் என்று திருநங்கைகளைக் கேட்டால் தெரியும். அவர்களைக் காலங்காலமாக அடித்த சொற்களில் அதுவும் ஒன்று. அதனால்தான் 'திருநர்' என்ற சொல்லில் கடைசியில் நிற்கிற 'ர்' எனக்கு முக்கியமாகப் படுகிறது. சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் விசாரித்த வழக்கின் தொடர்ச்சியாக 2022இல் தமிழ்நாடு அரசு இது தொடர்பான கலைச்சொற்களை அரசிதழில் வெளியிட்டது. அதற்கு முன்பிருந்தே இயக்கங்களில் புழங்கிய சொற்களைப் பாருங்கள்: திருநர், பால்புதுமையர். இரண்டும் 'ர்' விகுதியைக் கேட்டு வாங்கிக்கொண்ட சொற்கள்.

ஆக மேலே ஒரு வழி, கீழே ஒரு வழி. சமதளத்தில்? தோளில் கை போடுகிற நெருக்கத்தில்? அங்கே தமிழ் சட்டென்று ஆண் பெண் பார்க்கத் தொடங்குகிறது. டா, டி. மச்சான், மாப்ள. அகராதியில் மச்சி என்றால் மைத்துனி. தெருவில் அது பையன்கள் பையன்களைக் கூப்பிடுகிற சொல். ஆங்கில 'கைஸ்' நடந்த அதே பாதையில் நம்மிடம் நடந்துகொண்டிருப்பது 'பசங்க'. பையன்களின் பன்மை, பிறகு எல்லாப் பிள்ளைகளும். "பசங்களா, சத்தம் போடாதீங்க" என்று டீச்சர் சொன்னால் வகுப்பு முழுக்க அடங்கும். அடுத்த நிமிடம் "பசங்க இந்தப் பக்கம், பொண்ணுங்க அந்தப் பக்கம்" என்பார், சொல் மறுபடி சுருங்கிவிடும்.

இந்தச் சமதளத்தைப் பிடிக்கத் தமிழ் அரசியல் மேடை நூறு வருடமாகப் பாடுபட்டிருக்கிறது. மேடைப் பேச்சைக் கேலி செய்கிற நம் சிற்றிதழ் மரபு இதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. 1932இல் சோவியத் நாடு உள்ளிட்ட ஐரோப்பியப் பயணத்தை முடித்துத் திரும்பிய பெரியார், ஸ்ரீ, திரு போன்ற அடைகளை விட்டுவிட்டு எல்லாரையும் 'தோழர்' என்று அழைக்கச் சொன்னார். மரியாதையின் 'ர்' இருக்கிறது, ஆனால் மேல் கீழ் இல்லை. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றே. பாப்பா உமாநாத்தும் தோழர்தான், ஜீவாவும் தோழர்தான். எனக்குத் தெரிந்து இதைவிடக் கச்சிதமான தீர்வு எந்த மொழியிலும் குறைவு. கஷ்டம் என்னவென்றால் அதில் சிவப்புச் சாயம் ஒட்டிக்கொண்டது. ஓ.எம்.ஆரில் திங்கட்கிழமை காலை "வணக்கம் தோழர்களே" என்று கூட்டத்தைத் தொடங்கினால் எச்.ஆர் கூப்பிட்டு விசாரிப்பார்கள்.

அண்ணா கடிதங்களைத் 'தம்பி' என்று எழுதினார். அன்பு உண்டு, தங்கைக்கு இடமில்லை. மு.வ. தம்பிக்கு ஒரு நூலும் தங்கைக்கு ஒரு நூலும் தனித்தனியாக எழுதினார். கருணாநிதியோ முரசொலியில் ஆயிரக்கணக்கான கடிதங்களை 'உடன்பிறப்பே' என்று தொடங்கினார். கைதேர்ந்த தேர்வு இது. உடன்பிறப்பு என்பது ஆளைக் குறிக்கும் முன் ஒரு தொழிலை, உடன் பிறத்தலை, குறிக்கிற அஃறிணைப் பெயர். அண்ணனா தம்பியா அக்காவா தங்கையா என்று கேட்கவே வழியில்லை. வயதும் இல்லை, பாலும் இல்லை. எம்.ஜி.ஆர். அதன் முன்னால் ரத்தத்தைச் சேர்த்துக்கொண்டார். இன்று இணையத்தில் 'உ.பி.' என்றால் ஒரு கட்சிக்காரர், 'ர.ர.' என்றால் எதிர்க்கட்சிக்காரர். பால் போய் அந்த இடத்தில் கட்சி உட்கார்ந்துவிட்டது.

'பெரியோர்களே, தாய்மார்களே' என்ற மேடைத் தொடக்கம்தான் என் வாதத்துக்கு நல்ல சாட்சி. பெரியோர் பலர்பால். இலக்கணப்படி பெண்களும் அதில் உண்டு. பிறகு ஏன் தாய்மார்களைத் தனியாகக் கூப்பிட வேண்டும்? கூப்பிடாவிட்டால் 'பெரியோர்' ஆண்களாகத்தான் கேட்கும் என்று பேசுகிறவருக்குத் தெரியும். வந்திருக்கிற பதினெட்டு வயதுக் கல்லூரிப் பெண்ணும் ஒரே அழைப்பில் தாயாகிவிடுகிறாள். விஜய் தன் ரசிகர்களை 'நண்பா, நண்பி' என்று அழைப்பதும் இதே கணக்குத்தான். 'நண்பர்களே' போதாது என்று உணர்ந்திருக்கிறார். சரியான உணர்வு. நிரலாளர் மொழியில் சொன்னால், 'ர்' என்ற மாறியின் வகை பொது, ஆனால் டிஃபால்ட் மதிப்பு ஆண்.

இதைச் சோதிக்கச் சுலபமான வழி இருக்கிறது. ஒரு சொல்லுக்கு முன்னால் 'ஆண்' போட்டுப் பாருங்கள். ஆண் எழுத்தாளர், ஆண் கவிஞர், ஆண் விவசாயி. நாக்கில் ஒட்டாது. 'பெண்' போட்டால் சரளமாக வருகிறது. தமிழ் இலக்கியத்தில் பெண்கள் பற்றி அம்பை ஆங்கிலத்தில் ஆய்வு நூல் வெளியிட்டது 1984. நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. புத்தகக் கண்காட்சி மேடைகளில் 'பெண் எழுத்தாளர்கள் அமர்வு' இன்னும் தனியாகத்தான் நடக்கிறது.

விமர்சனத்துக்கு வருகிறேன். நம் விமர்சனக் கட்டுரைகளில் அதிகம் நடமாடுகிற பாத்திரம் யார் என்றால், வாசகன். 'நுண்ணுணர்வுள்ள வாசகன்', 'தேர்ந்த வாசகன்', 'வாசகன் இங்கே ஒரு கணம் திகைக்கிறான்'. மேடையில் இதே விமர்சகர்கள் 'வாசகர்கள்' என்பார்கள். எழுத உட்கார்ந்ததும் 'ன்' வந்துவிடுகிறது. ஆணாதிக்கம் என்று ஒரு வார்த்தையில் முடித்துவிட எனக்கு விருப்பமில்லை, ஏனென்றால் இதன் பின்னால் மேலே சொன்ன மொழிச்சிக்கல் இருக்கிறது. விமர்சகர் தன் வாசகரை உயரத்தில் வைத்துப் பேச விரும்பவில்லை, சக பயணியாக, நெருக்கமாக, தோளோடு தோளாக வைக்க விரும்புகிறார். தமிழில் அந்த நெருக்கத்துக்கு இருக்கிற ஒருமை, பால் காட்டுகிற ஒருமை. நெருக்கம் வேண்டுமென்றால் ஆணைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும் என்று வந்துவிடுகிறது.

மாற்றிப் பாருங்கள். 'கதை முடிந்தபின் வாசகன் தனியாக விடப்படுகிறான்' என்ற வாக்கியத்தை 'வாசகர் தனியாக விடப்படுகிறார்' என்று எழுதினால் ஏதோ பேருந்தைத் தவறவிட்ட தலைமை ஆசிரியர் மாதிரி இருக்கிறது. 'வாசகர்கள் தனியாக விடப்படுகிறார்கள்' என்றால் தனிமையே போய்விட்டது. 'வாசகி' என்றால், ஏன் இங்கே வாசகி, கதை பெண்களைப் பற்றியதா என்று கேட்பார்கள். இந்தத் தொல்லைகள் உண்மையானவை. ஆனாலும் வழி இல்லாமல் இல்லை. சோளக்காட்டுப் பாத்திரக் கடைக்காரர் செய்ததை எழுத்திலும் செய்யலாம்: பெயர்ச்சொல்லைத் தூக்கிவிட்டு வினையை மட்டும் வைப்பது. 'கதை முடிந்தபின் தனியாக நிற்க வேண்டியிருக்கிறது.' யார் நிற்கிறார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. எழுவாய் இல்லாமல் ஓடுவது தமிழுக்குப் புதிதா என்ன?

இப்படி எழுதினால் 'வாசகன்' என்ற சொல்லில் இருக்கிற கனம் வருவதில்லை என்று ஒரு மூத்த விமர்சகர் என்னிடம் சொன்னார். கனம் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். அந்தச் சொல்லைக் கேட்டதும் ஒரு சித்திரம் வருகிறது: சின்ன ஊர், கிளை நூலகம், மூடுகிற நேரம்வரை உட்கார்ந்து ரஷ்ய நாவல் படிக்கிற பையன், பிறகு இருட்டில் தனியாக நடந்து வீடு திரும்புகிறான். கிட்டத்தட்ட நம் எல்லா இலக்கிய நினைவுக் குறிப்புகளிலும் அவன் இருக்கிறான். அதே ஊரில், விளக்கு வைப்பதற்குள் வீடு வந்துவிட வேண்டிய ஒரு பெண், அண்ணன் எடுத்துவந்த அதே நாவலை அடுப்படியில் பாதிப் பக்கமாகப் படித்திருப்பாள். தவணை முடிந்து புத்தகம் திரும்பிப் போனபோது கடைசி நூறு பக்கங்களைத் தானே கற்பனை செய்து முடித்திருப்பாள். 'வாசகன் இங்கே திகைக்கிறான்' என்ற வாக்கியத்தில் அவள் இல்லை. 'வாசகர்' என்று திருத்திவிட்டால் வந்துவிடுவாளா என்றால், அவளுக்கென்று 'பெண் வாசகர்' என்ற தனி நாற்காலியை ஏற்கெனவே ஓரமாகப் போட்டு வைத்திருக்கிறோம்.